கிரேஃப்ரயர்ஸ் கல்லறைச் சின்னங்களைக் கழுவினால் என்ன?

கேள்வி (மார்ச் 4)

போன மாதம் எடின்பரோ போயிருந்தேன். கிரேஃப்ரயர்ஸ் தேவாலயத்தைச் சுற்றியிருக்கும் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது. முந்நூறு, நானூறு வருஷத்துச் சிற்பங்கள் கரி படிந்து, பாசி ஏறி, முகம் தெரியாமல் நிற்கின்றன. பணக்கார நாடுதானே, ஒரு பிரஷர் வாஷர் வைத்துக் கழுவ முடியாதா? முடியாதென்றால் பெயர்த்துக்கொண்டுபோய் மியூசியத்திலாவது வைக்கலாமே? அங்கே வசிப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு

கழுவக் கூடாது. பிரஷர் வாஷர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நான் இங்கே வசிப்பவன். வாரக் கடைசியில் ஒரு தன்னார்வக் குழுவோடு பழைய கல்லறைத் தோட்டங்களில் வேலை செய்கிறேன். பிரஷைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் அங்கே முதலில் பழக்கினார்கள்.

நீங்கள் பார்த்ததெல்லாம் மணற்கல். ஓரளவு காய்ந்திருக்கும்வரை நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஈரம் ஏறி ஏறி இறங்கினால் உள்ளுக்குள் உப்பு சேரும். தண்ணீர் ஆவியாகும்போது அந்த உப்பு மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே படிகமாகிக் கல்லை வெளிப்பக்கம் தள்ளும். வெளியே பார்த்தால் சிற்பம் முழுசாக இருக்கும், பின்னால் மாவாகிப் போயிருக்கும். விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாக வரும், கெட்ட இடத்தில் பொள்ளலாகக் கேட்கும். அந்தப் பொள்ளல் இடத்தில் பிரஷர் வாஷரைக் காட்டினால் ஒரு தேவதையின் கன்னமோ ஒருவருடைய பெயரோ நொடியில் போய்விடும். போனால் போனதுதான்.

மார்ச் 5

கரியைப் பற்றி நேற்று எழுதவில்லை. எடின்பரோ பல நூற்றாண்டு நிலக்கரி எரித்த ஊர். சமையல், குளிர் காய்வது, பிற்காலத்தில் ரயில், தொழிற்சாலை என்று அத்தனை புகையும் கல்லில்தான் படிந்தது.

கட்டடங்களில் இதைக் கழுவிப் பார்த்துவிட்டார்கள். 1970களிலும் 80களிலும் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் முகப்புகளை மணல் பீய்ச்சியும் அமிலம் பூசியும் வெளுப்பாக்கும் மோகம் இருந்தது. மணல் பீய்ச்சிய இடங்களில் செதுக்கல்களின் விளிம்பு மழுங்கியது. அமிலம் பூசிய இடங்களில் வேறு ஒன்று நடந்தது. அந்த ரசாயனங்கள் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அதன் பாஸ்பேட் கல்லுக்குள் தங்கி பாசிக்கு உரமாகிவிட்டது. கழுவிய சுவர் சில வருஷத்தில் முன்பைவிட மோசமாகப் பச்சை பிடித்தது. அபர்டீனில் உள்ள ராபர்ட் கார்டன் பல்கலைக்கழகத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 90களுக்குப் பிறகு அரசின் வழிகாட்டுதல்களே ‘கூடுமானவரை கழுவாதே’ என்ற பக்கம் திரும்பிவிட்டன.

கருமை எனக்குப் பெரிய தொல்லையாகப் படவில்லை. அதுவும் அந்த ஊரின் சரித்திரம்தான்.

மார்ச் 9

“கரி இருக்கட்டும், பாசியையாவது சுரண்டக் கூடாதா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

கல்லின் மேல் திட்டுத் திட்டாகச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருப்பதில் பெரும்பகுதி பாசியே அல்ல, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். கல்லில் ஒட்டி வளரும் லைக்கன்களில் பல வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு இருந்தால் அதற்கு என்ன வயது என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் பழைய கல்லறைத் தோட்டங்களுக்கு லைக்கன் ஆய்வாளர்கள் தனியாக வந்து பட்டியல் எடுக்கிறார்கள்.

அது கல்லுக்குள் நுண்ணிய வேர் மாதிரி இறங்கியிருக்கும். பிய்த்தால் மணல் துகளோடுதான் வரும். கம்பி பிரஷால் தேய்த்து, ‘சுத்தமாகிவிட்டது’ என்று சந்தோஷப்பட்டவர்கள் மேலே இருந்த எழுத்தையும் சேர்த்துத்தான் சுத்தம் செய்திருக்கிறார்கள்.

ஐவிக் கொடி வேறு விஷயம். அது இணைப்புகளுக்குள் நுழைந்து தடித்துக் கல்லைப் பிளக்கும். அதற்காக இழுத்துப் பிடுங்கிவிடக் கூடாது. அடியில் அறுத்து, காய விட்டு, உயிர் போன பிறகு துண்டு துண்டாக எடுக்க வேண்டும். பல இடத்தில் கொடிதான் கல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், மேற்பார்வைக்குக் கல் வேலை தெரிந்தவர் ஒருவரும் வேண்டும்.

மார்ச் 10

அமிலம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. ஃபைஃப் பகுதியில் ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டம். எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், தன் கொள்ளுத்தாத்தாவின் கல்லைப் பளிச்சென்று ஆக்கித் தரச் சொல்லி ஆளை வைத்தார். வந்தவர்கள் எதையோ ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் கல் புதுத்தேன் நிறத்தில் இருந்ததாம், அவர் கண் கலங்கிச் சந்தோஷப்பட்டாராம். அடுத்த குளிர்காலம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது முகப்பு முழுக்கப் பச்சை. கீழ்ப்பாதி ஏடு ஏடாக எழும்பியிருந்தது. கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குக் கீழே இருந்த மனைவி பெயரில் பாதி எழுத்து புல்லில் கிடந்தது. பொறுக்கிக் கையில் வைத்தால் மணலாகப் போனது.

அந்த மனைவி பெயர் ஏன் பெரிய இழப்பு என்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண்ணைக் கல்லறையில் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் பொறிப்பார்கள். பிறப்பு, இறப்பைக் கட்டாயமாக அரசுப் பதிவேட்டில் எழுதும் முறை இங்கே 1855இல்தான் வந்தது. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான், அவற்றில் அடக்கங்களை ஒழுங்காக எழுதாத ஊர்கள் ஏராளம். ஒரு நெசவாளர் மனைவி எந்த வீட்டுப் பெண், எப்போது இறந்தாள் என்பதற்கு உலகத்திலேயே இருக்கும் ஒரே எழுத்து அந்தக் கல்லாக இருக்கலாம். எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்ததே இதனால்தான். பிரபுக்களின் சின்னத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கும். இவர்களுக்கு இந்தக் கல் மட்டும்தான்.

மார்ச் 17

மியூசியம் கேள்விக்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், எனக்கே இதில் ஒரே கருத்து இல்லை.

கிரேஃப்ரயர்ஸில் பெயர்ப்பது அவ்வளவு சுலபமில்லை. 1562இல் அரசி மேரி, மூடப்பட்ட பிரான்சிஸ்கன் மடத்தின் நிலத்தை ஊருக்குக் கொடுத்தார். செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக் கல்லறையில் இடமில்லாமல் போயிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பெரிய சின்னங்கள் பெரும்பாலும் சுற்றுச்சுவரை ஒட்டி எழுப்பப்பட்டவை. தூண், வளைவு, கூரை முகடு, குலச்சின்னம், மண்டை ஓடு, மணற்கடிகாரம் என்று மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும். கிழக்குப் பக்கத்தில் கேண்டில்மேக்கர் ரோ தெரு வீடுகளின் முதுகில் சாய்ந்தே நிற்கின்றன. மேற்கே, 1513இல் ஃபிளாடன் போரில் இங்கிலாந்திடம் தோற்ற பிறகு கட்டிய நகர மதிலின் ஒரு துண்டும் உள்ளே இருக்கிறது. கல்லறை, வீடு, மதில் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் பெயர்த்து வைத்ததற்கும் உதாரணம் அங்கேயே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மன்னரின் தேவாலயக் கொள்கையை எதிர்த்து உயிர்விட்ட உடன்படிக்கையாளர்களுக்கு 1706இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 1771இல் அதைவிடப் பெரியதாக ஒன்று வைத்தார்கள். தோட்டத்தில் இப்போது நிற்பது இரண்டாவது. முதல் பலகை எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால்தான் அது இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது. இதை மறுக்க முடியாது.

என் நிலைப்பாடு இப்போதைக்கு இது. தனியாகக் கழன்று விழுந்துவிட்ட துண்டு, உடைந்த பலகை, மழையில் போட்டால் கரைந்துவிடும் சின்னச் சிற்பம் எல்லாம் உள்ளே போகட்டும். நிற்பது நிற்கட்டும். அடியில் புதைந்தவர் இங்கே இருக்க, பெயரை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோனால் அது வெறும் சிற்பமாகிவிடும், கல்லறையாக இருக்காது.

மார்ச் 18

மேலே எழுதியதை இன்று மறுபடி படித்தேன். ‘நிற்பது நிற்கட்டும்’ என்று எழுதிவிட்டுப் போவது போதாது. நிற்பதை நிற்க வைக்க ஆள் வேண்டும். அதுதான் இங்கே பிரச்சினை.

1925இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஸ்காட்லாந்து திருச்சபையின் பழைய கல்லறைத் தோட்டங்கள் உள்ளூராட்சிகளின் கைக்கு வந்தன. நிலம், பாதை, சுவர், பாதுகாப்பு எல்லாம் நகராட்சி பொறுப்பு. ஆனால் கல் குடும்பத்துக்குச் சொந்தம். 1684இல் கல் வைத்தவரின் குடும்பத்தை எங்கே தேடுவது? இருந்தாலும் அவர்களுக்கே தெரியாது. ஆக, சொந்தக்காரர் இல்லாத சொத்து. புல் வெட்டும் செலவு பட்ஜெட்டில் இருக்கும், கல் செலவு இருக்காது.

கிரேஃப்ரயர்ஸ் தோட்டம் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் யாரும் இடிக்காமல் தடுக்கும், பராமரிக்கப் பணம் தராது. 2010இல் உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் இருக்கும் இடங்களின் பட்டியலில் எடின்பரோவின் பழைய கல்லறைத் தோட்டங்களைச் சேர்த்தது. கிரேஃப்ரயர்ஸ், கேனன்கேட், செயின்ட் கத்பர்ட்ஸ், பழைய கால்டன், புதிய கால்டன் ஐந்தும் அதில் வந்தன. அதன் பிறகுதான் எடின்பரோ உலகப் பாரம்பரிய அமைப்போடு சேர்ந்து ஒழுங்கான ஆய்வும் திட்டமும் வந்தன. பணக்கார நாடு என்று கேள்வியில் இருந்ததே, அதற்கு இதுதான் பதில்.

ஏப்ரல் 2

சுண்ணாம்பு வேலை தொடங்கும் பருவம் வந்துவிட்டது. உறைபனி அடிக்கும்போது சுண்ணாம்புச் சாந்து பூசினால் இறுகுவதற்கு முன்னால் உள்ளிருக்கும் நீர் உறைந்து உதிர்ந்துவிடும். அதனால் இங்கே ஏப்ரல் தொடங்கி இலையுதிர் காலம் வரைதான் வேலை. பூசிய இடத்தை ஈரச் சாக்கு போட்டு மூடி, மெதுவாகக் காய விட வேண்டும்.

‘சிமெண்ட் போட்டால் ஒரே நாளில் முடியுமே’ என்பவர்களுக்கு: அந்த ஒரே நாள் வேலையைத்தான் இப்போது உளியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறோம். 20ஆம் நூற்றாண்டில் நல்ல எண்ணத்தோடு இணைப்புகளில் சிமெண்ட் அடைத்தார்கள். சிமெண்ட் மணற்கல்லைவிடக் கெட்டி, ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் வேறு வழியில்லாமல் கல்லின் முகம் வழியாக வெளியேறும், போகும் வழியில் முகத்தைத் தின்றுவிடும். கடைசியில் கல் குழிந்து, சிமெண்ட் கோடுகள் மட்டும் வலை மாதிரி துருத்தி நிற்கும். இந்தக் காட்சியைப் பார்க்காத பழைய கல்லறைத் தோட்டம் ஸ்காட்லாந்தில் அரிது.

சுண்ணாம்பு கல்லைவிட மெத்தென்றது. ஈரம் அதன் வழியாகப் போகும், தேய்மானமும் அதற்கே வரும். சில பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாக அடைக்கலாம், கல் தப்பிக்கும்.

அப்புறம் இரும்பு. பெரிய சின்னங்களில் கல்லோடு கல்லை இணைக்க உள்ளே இரும்புப் பட்டைகளை வைத்து ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஈயம் விலகி ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடித்துப் பல மடங்கு பருக்கும். மேலே இருக்கும் தூணின் தலையில் விரிசல் கண்டால் முதலில் துருக்கறை தெரிகிறதா என்றுதான் பார்ப்போம். பழையதை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைப்பார்கள். அது நிபுணர்கள் வேலை, நாங்கள் ஏணி பிடிப்பதோடு சரி.

ஏப்ரல் 3

தாரை! கூரைத் தண்ணீரை வடிக்கும் குழாயைச் சொல்கிறேன். நேற்றே எழுதியிருக்க வேண்டும். ஒரு சின்னத்தின் தலையில் ஈயத் தகடு சரியாக மூடியிருந்து, பின்னால் இருக்கும் வீட்டின் மழைநீர்த் தாரை இலை அடைக்காமல் ஓடினால் மற்றப் பிரச்சினைகளில் பாதி வராது. எடின்பரோவில் வருஷ மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான், கிளாஸ்கோவோடு பார்த்தால் குறைவு. ஆனால் தூறலும் மூடுபனியுமாக அது எப்போதும் இருக்கும், கல் காயவே அவகாசம் கிடைக்காது. ஒழுகும் தாரைக்குக் கீழே நிற்கும் சிற்பத்துக்கு வருஷம் முழுக்க மழைக்காலம்தான். ஒரு தாரையைச் சுத்தம் செய்ய ஒரு ஏணியும் ஒரு காலைப்பொழுதும் போதும். திறப்பு விழா நடத்தப் பெரிய சீரமைப்புக்குப் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷா வருஷம் இலை அள்ளுவதற்கு யாரும் தருவதில்லை. எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் இதுதான்.

ஏப்ரல் 20

ஒருவர், ‘உடன்படிக்கையாளர் சிறையில் கைதிகளை அடைத்த கல் அறைகளைப் பார்த்தேன், இரும்புக் கதவோடு பயங்கரமாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறார். நீங்கள் பார்த்தவை சிறை அறைகள் அல்ல, குடும்பக் கல்லறைகள். 1679இல் பாத்வெல் பாலத்துப் போரில் தோற்ற உடன்படிக்கையாளர்களில் சுமார் 1,200 பேரை அங்கே அடைத்தது உண்மை. அப்போது அது திறந்த வெளி. மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்களில் 250க்கு மேற்பட்டவர்களைக் கப்பலேற்றினார்கள். அந்தக் கப்பல் அதே டிசம்பரில் ஆர்க்னித் தீவுகளருகே உடைந்து பெரும்பாலோர் மூழ்கினார்கள். நீங்கள் பார்த்த அறைகள் பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டில் அந்த நிலம் கல்லறைத் தோட்டத்தோடு சேர்ந்த பிறகு கட்டியவை.

அந்தப் பகுதிக்குப் பூட்டு போட்டிருப்பதும் நல்லதுக்குத்தான். பக்கத்தில் இருக்கும் ஜார்ஜ் மெக்கன்சியின் கல்லறை மண்டபத்துக்குள் 2003இல் இரண்டு பையன்கள் புகுந்து ஒரு மண்டை ஓட்டை எடுத்து விளையாடி, நீதிமன்றம் வரை போனார்கள். மெக்கன்சி 1691இல் இறந்தவர், அந்தக் கைதிகளை வாட்டிய அரசு வழக்கறிஞர். அவர்மேல் யாருக்கு என்ன கோபம் இருந்தாலும் சவத்தைத் தொடுவது அநியாயம்.

ஏப்ரல் 21

பேய்ச் சுற்றுலாவைப் பற்றிக் கேட்டவருக்கு: நான் முன்பு கடுமையாக எதிர்த்தேன். இரவில் கூட்டம், கூச்சல், சின்னங்களின் விளிம்பில் ஏறி உட்காருவது. இப்போது அவ்வளவு எதிர்ப்பில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத தோட்டங்களின் கதி இதைவிட மோசம். அங்கே ஈயத்தைத் திருடுகிறார்கள், கல்லைத் தள்ளிவிடுகிறார்கள். வழிகாட்டியோடு வரும் கூட்டத்துக்கு ‘தொடாதீர்கள்’ என்று சொல்ல ஒரு ஆளாவது இருக்கிறார்.

பெயர் ஒற்றுமைக்காகத் தேடி வரும் கூட்டம்தான் இப்போது கவலை. பிரபலமான ஒரு மாயாஜாலக் கதையின் வில்லன் பெயரை ஒத்த பெயர் அங்கே ஒரு சுவரில் பொறித்திருக்கிறது. படம் எடுக்க நிற்பவர்கள் மிதித்து மிதித்துப் புல் செத்துச் சேறாகிவிட்டது. மழையில் சேறு தெறித்து அக்கம்பக்கத்துக் கல்லின் அடிப்பகுதியை எப்போதும் ஈரமாக வைக்கிறது. நின்று படம் எடுங்கள், தப்பில்லை. கல் பதித்த பாதையிலிருந்து எடுங்கள்.

எஜமானரின் கல்லறையைக் காத்துக் கிடந்ததாகச் சொல்லும் பாபி நாய்க்காக வருகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான். எஜமானர் ஜான் கிரே 1858இல் இறந்தார், பாபி 1872இல். தோட்டத்து வாசலருகே பாபிக்கு வைத்திருக்கும் சிவப்பு கிரானைட் கல் 1981இல் வந்தது. அதற்கு முன்னால் குச்சி வைக்கிறார்கள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெருமுனைச் சிலையின் மூக்கைத் தேய்ப்பதுதான் கெடுதல். அது பழைய வழக்கமே அல்ல, சமீபத்தில் கிளம்பியது. மூக்கில் கறுப்புப் பூச்சு போய் வெண்கலம் பளபளக்கிறது.

மே 11

போர்த்விக்கின் சின்னத்தைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட மனசில்லை. ஜேம்ஸ் போர்த்விக், அறுவை மருத்துவர், 1670களில் இறந்தவர். நடுவில் ஒரு முழு எலும்புக்கூடு, ஆடுவது போல ஒரு காலைத் தூக்கி நிற்கும். இருபுறமும் சட்டத்தில் அவருடைய தொழில் கருவிகள் கொத்தாகக் கட்டித் தொங்கும். ரம்பம், கத்தி, இடுக்கி.

போன சனிக்கிழமை வெயில் இருந்தது. வெயில் நேராகப் படாத சின்னங்களுக்கு நாங்கள் கண்ணாடி பிடிப்போம். ஆளுயரக் கண்ணாடியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்தால் ஒரு நூல் ஆழமுள்ள கீறலுக்கும் நிழல் விழும். சப்பையாகத் தெரிந்த விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ரம்பத்தின் பற்களில் சில இன்னும் கூராக இருக்கின்றன. செதுக்கியவன் பல்லுக்குப் பல் இடைவெளி விட்டிருக்கிறான். கீழே இடது ஓரம் மட்டும் ஏடு விட்டிருக்கிறது.

தயவுசெய்து சாக், மாவு, ஷேவிங் நுரை எதையும் எழுத்தின் மேல் தடவிப் படிக்காதீர்கள். இணையத்தில் இந்த யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடியோ, சாயங்காலம் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சோ போதும்.

இதே உத்தியைக் கணினியிலும் செய்கிறார்கள். சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்தால், மாதிரியின் மேல் விளக்கை எந்தத் திசையிலிருந்தும் அடித்துப் பார்க்கலாம். சில வருஷம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே, எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்று தெரியும். கல் உதிர்வதை இது நிறுத்தாது. ஆனால் எந்தக் கல்லுக்கு முதலில் ஓட வேண்டும் என்று காட்டிவிடும்.

மே 12

ஏடு விடுவது என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மணற்கல் படுகை படுகையாகப் படிந்து உண்டானது. கட்டடத்தில் அந்தப் படுகை தரைக்கு இணையாக இருக்கும்படி வைப்பார்கள், மேல் பாரம் அதை அழுத்திப் பிடித்திருக்கும். மெல்லிய கல்லறைப் பலகைக்கு அப்படி முடியாது. படுகை வாக்கில் பிளந்து நிமிர்த்தி நிறுத்துவார்கள். அதனால் முகப்பே ஒரு ஏடு. பின்னால் ஈரம் புகுந்து உறைந்தால் முழு எழுத்தும் ஒரே தகடாகக் கழன்று வரும்.

இந்தப் படுகைகளைப் பற்றி உலகத்துக்குப் புரியவைத்த ஜேம்ஸ் ஹட்டனும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். மலை கரைந்து மணலாகி, மணல் கடலில் படிந்து மறுபடி பாறையாகிறது, அதற்கு எண்ண முடியாத காலம் ஆகிறது என்று சொன்னவர். 1797இல் இறந்தார். 1947 வரை, 150 வருஷம், அவருக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

யாரோ ஒருவர் கேட்டுக் கேட்டு வைத்த கல்லுக்கும் உதாரணம் உண்டு. கேனன்கேட்டில் கவிஞர் ராபர்ட் ஃபெர்கசன் பெயரில்லாத குழியில் கிடந்தார். 1787இல் இன்னொரு கவிஞரான ராபர்ட் பர்ன்ஸ் தேவாலய நிர்வாகத்துக்கு எழுதி அனுமதி வாங்கிக் கல் வைக்கச் சொன்னார். 5 பவுண்டு 10 ஷில்லிங் கூலியை 1792இல் கொடுத்து முடித்தார். உறவினர்தான் கல்லுக்குப் பொறுப்பு என்கிற சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பர்ன்ஸ் ஞாபகம் வரும்.

மே 30

கிரானைட் பற்றி ஒரு தனிமடல் வந்தது. ஆமாம், கிரானைட்டில் இந்த ஏடு விடும் தொல்லை இல்லை. 1830களில் அபர்டீனில் நீராவி இயந்திரத்தால் கிரானைட்டை மெருகேற்றத் தொடங்கினார்கள். விக்டோரியா காலத்துத் தோட்டங்களில் அந்தக் கற்கள் எழுத்து அழியாமல் பளபளவென்று நிற்கின்றன. அபர்டீனின் பெரிய ரூபிஸ்லா கல்குவாரி 1971இல் மூடப்பட்டது. இன்று பிரிட்டனில் வைக்கும் கறுப்புக் கல்லறைக் கற்களில் நிறைய இந்தியாவிலிருந்து வருபவை, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கல்லும் அதில் உண்டு. கல்லறைக் கல் விற்கும் கடைகளின் முற்றத்தில் அதைப் பார்க்கும்போது ஊர் ஞாபகம் வரும்.

கிரானைட்டைக் காட்டி மணற்கல்லைக் குறை சொல்லாதீர்கள். போர்த்விக்கின் ரம்பப் பல்லைக் கிரானைட்டில் அந்தக் காலத்து உளியால் செதுக்க முடிந்திருக்காது.

ஜூன் 8

கடைசியாக வந்த கேள்வி கஷ்டமானது: ‘எத்தனையோ கற்களைப் படுக்க வைத்திருக்கிறார்களே, அதுவா பராமரிப்பு?’

2015இல் கிளாஸ்கோவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கல் சாய்ந்து 8 வயதுப் பையன் இறந்துபோனான். அதன் பிறகு ஊராட்சிகளெல்லாம் கற்களைத் தள்ளிச் சோதித்தன. ஆடியவற்றைப் படுக்க வைத்தார்கள். அவசரத்தில் அதைச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை போயிருக்கிறது.

ஆனால் படுக்க வைத்தது தற்காலிகம் என்றார்கள், எத்தனையோ இடத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன. முகம் மேலே இருந்தால் மழை எழுத்துக்குள்ளேயே தேங்கி, குளிரில் உறைந்து, எழுத்தை உடைக்கிறது. முகம் கீழே இருந்தால் மண் ஈரத்தில் ஊறுகிறது, என்ன எழுதியிருந்தது என்றே யாருக்கும் தெரியாது. சில இடத்தில் மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஆடாது, சரி. கீழ் வரிகள் மண்ணுக்குள் போய்விட்டன. கீழ் வரியில்தான் பெரும்பாலும் மனைவி பெயரும் சின்ன வயதில் இறந்த குழந்தைகள் பெயரும் இருக்கும்.

ஒழுங்கான வழி இருக்கிறது. புதிய அடித்தளம் போட்டு, துருப்பிடிக்காத முளை வைத்து, சுண்ணாம்பில் நிறுத்த வேண்டும். ஒரு கல்லுக்கு ஆகும் செலவு பெரிதில்லை, கல்லின் எண்ணிக்கைதான் பெரிது. அதனால் படுக்க வைக்கும்போதே முகத்தை மேலே பார்க்க வைத்து, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மேலே தண்ணீர் தேங்காமல் சற்றுச் சாய்வாக வைக்கச் சொல்லி நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் பக்கத்து ஊர்த் தோட்டத்தில் ஒரு வரிசைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வரிசைக்கான கடிதம் எழுதியாகிவிட்டது, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.